பாப்பா வாய் திறக்கும் நேரம்

காவிரிக்கு இக்கரையில், பகலென்றும் ராத்திரியென்றும் பாராமல் தறி ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ஊரில், இட்டேரி வீதி என்று ஒரு வீதி உண்டு. மாரியம்மன் கோயில் வளைவில் தொடங்கி வாய்க்கால் பாலத்தில் முடியும் அந்த வீதியில் நூற்றிருபது தறியும், கூலிக்காரர்கள் குடியிருக்கும் முப்பத்தாறு லைன் வீடும், ஒரு டீக்கடையும், யார் சொன்னாலும் கேட்காத ஜனமும் இருந்தன. தறிச் சத்தத்தில் ஒருத்தர் சொல்வது இன்னொருத்தருக்குக் கேட்காது என்பதால் எல்லோரும் கத்தித்தான் பேசுவார்கள், ஒருத்தர் பேசி முடிப்பதற்குள் மற்றவர் பதில் சொல்லிவிடுவார், அந்தப் பதில் முடிவதற்குள் மூன்றாமவர் சண்டைக்கு வந்துவிடுவார், நின்று கேட்கிற பழக்கமே அங்கே கிடையாது. அப்பேர்ப்பட்ட வீதிதான் ஒரு திங்கட்கிழமை காலை பத்தே முக்காலுக்கு அப்படியே நின்றுபோனது.

கரண்ட் போனால் தறி நிற்கும், ஆட்கள் வெளியே வந்து பீடி பற்றவைப்பார்கள், பெண்கள் தலையில் படிந்த பஞ்சைத் தட்டிக்கொள்வார்கள். இது அந்தக் கணக்கில் சேராது. சென்னியப்பன் முதலாளியின் பட்டறையில் நான்கு தறிக்கு நடுவே அறுந்த இழையைப் பிணைக்கக் குனிந்த தவமணி குனிந்தபடியே நின்றாள். ஊடு நூலை இழுத்துக்கொண்டு குறுக்கே பாய்ந்த நாடாக்கட்டை பாதி வழியில் நின்றது. பறந்த பஞ்சு பறந்த இடத்திலேயே நின்றது. வாசலில் யாரையோ திட்டிக்கொண்டிருந்த சென்னியப்பன் விரலை நீட்டி, வாயைப் பிளந்தபடி நின்றார். எதிரே டீக்கடையில் மயில்சாமி ஆற்றிய டீ மேல் டம்ளருக்கும் கீழ் டம்ளருக்கும் இடையே ஒரு முழம் கயிறாகத் தொங்கியது. கம்பத்தின் மேலே இறக்கையை விரித்த காக்கா விரித்தபடியே இருந்தது. ஆனால் தவமணிக்குக் காது கேட்டது, புத்தி வேலை செய்தது, இடுப்பு வலித்தது, மூக்கில் ஒட்டிய பஞ்சு அரித்தது. கையே, வா, வந்து இதைத் தட்டிவிடு என்று உள்ளுக்குள் கெஞ்சினாள், கை வரவில்லை. ஊறிய எச்சிலை விழுங்கப் பார்த்தாள், தொண்டை சொன்னபடி கேட்கவில்லை. அட மாரியாயி, சாவு இப்படித்தான் வருமா என்று நினைத்தாள்.

அந்த வீதியில் அப்போது அசைந்தது ஒன்றே ஒன்று. பட்டறை மூலையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், சரிந்து விழாமல் இருக்கப் பழைய சேலைக் கிழிசலால் இடுப்பைக் கட்டி உட்கார வைத்திருந்த அவள் மகள் நித்திலாவின் மோவாய் மேலே எழுந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, எப்போதும் நெஞ்சோடு மடங்கியே இருக்கும் இடது கை இன்னும் மேலே ஏறியது, வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு திறந்தது. எட்டு வயசுப் பிள்ளை, அதுநாள் வரை ஒரு சொல் பேசாத பிள்ளை. "க்..." என்றது. மூச்சு வாங்கியது. "கொ..." என்றது. தலை பின்னால் சாய்ந்துபோனது, திரும்ப முன்னால் கொண்டுவந்தது, மறுபடியும் முதலில் இருந்து ஆரம்பித்தது. கோயில் வளைவுக்கு வெளியே, உள்ளே நுழைய முடியாமல் நின்ற டவுன் பஸ்ஸின் கண்டக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். நான்கு நிமிஷம் முழுசாகப் போன பிறகு பிள்ளை சொல்லி முடித்தது.

"கொசு."

உடனே நாடா பாய்ந்தது, டீ விழுந்தது, காக்கா பறந்தது, சென்னியப்பன் மிச்சத் திட்டைத் திட்டி முடித்தார். தவமணி ஓடிப்போய்ப் பார்த்தாள். பிள்ளையின் மூக்கின் மேல் ரத்தம் குடித்து உப்பிய கொசு ஒன்று சாவகாசமாக உட்கார்ந்திருந்தது. அடித்துக் கொன்றாள். பிறகு அந்த மடியிலேயே முகத்தை வைத்துக்கொண்டு ஓவென்று அழுதாள். எட்டு வருஷத்தில் எத்தனை கொசு அந்த மூக்கில் உட்கார்ந்து குடித்துவிட்டுப் போயிருக்கும் என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது.

நித்திலா பிறந்தபோது அழவில்லை. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள், இது அழுவதற்கே நேரமாகிப்போன பிள்ளை. நர்ஸ் தலைகீழாகப் பிடித்துத் தட்டி, பாதத்தைத் தேய்த்து, குழாய் வைத்து உறிஞ்சி, மூச்சு வந்து சேர்வதற்குள் மூளையில் ஒரு இடம் வாடிப்போயிருந்தது. ஒரு வயசில் உட்காரவில்லை, இரண்டு வயசில் நிற்கவில்லை, தூக்கினால் இரண்டு காலும் கத்திரிக்கோல் மாதிரி ஒன்றன் மேல் ஒன்று ஏறிக்கொண்டது. சாமி குத்தம் என்றது வீதி, கிரகணத்தில் வெளியே போயிருப்பாள் என்றது, மூளை வளராத பிள்ளைக்கு என்ன செய்தாலும் விழலுக்கு இறைத்த நீர் என்றது. தவமணியின் புருசன் பிள்ளையின் மூன்றாவது வயசில் பம்பாய்ப் பக்கம் பிவண்டிக்குத் தறி ஓட்டப் போகிறேன் என்று போனவன்தான், போனும் இல்லை, ஆளும் இல்லை. அரசாங்கத்திலிருந்து வியாழக்கிழமைதோறும் வரும் பிசியோ ஜெசிந்தா மட்டும் அதற்கு ஒரு பேர் சொன்னாள், பெருமூளை வாதம்.

"இது சீக்கு இல்லக்கா," என்றாள் ஜெசிந்தா, பிள்ளையின் முழங்காலைத் தன் மடியில் வைத்து மெல்ல மெல்ல நீட்டியபடி. "தொத்தாது, முத்தாது. மூளைல இருந்து கைக்கும் காலுக்கும் நாக்குக்கும் போற சேதி வழில தடுமாறுது, அவ்வளவுதான். இவளுக்கு எல்லாம் கேக்குது, எல்லாம் புரியுது. கைய வெடுக்குனு இழுக்காதீங்க, இழுத்தா இன்னும் இறுகும். கதகதப்பாப் புடிச்சுட்டு சித்த நேரம் இருங்க, அதுவே எளகும். ஏதாச்சும் கேட்டா பதிலுக்குக் காத்திருங்க."

தவமணி தலையை ஆட்டினாள். ஆட்டுவதற்கு என்ன, தலை இருக்கிறது. காலை ஆறு மணிக்கு ஷிப்ட். அதற்குள் சோறாக்கி, பிள்ளையைக் குளிப்பாட்டி, கவுன் மாட்டி, இடுப்பில் தூக்கிக்கொண்டு ஓடவேண்டும். மடங்கிய அந்த இடது கையைக் கவுனுக்குள் விடுவதற்குள் உயிர் போய் உயிர் வரும். "கைய எறக்கு கண்ணு, அம்மாளுக்கு நேரமாச்சு, கைய எறக்கு," என்று தினமும் காலையில் நூறு தடவை சொல்வாள், சொல்லிக்கொண்டே இழுப்பாள், இழுக்க இழுக்கக் கை இறுகும், பிள்ளையின் கண் கலங்கும். பதிலுக்குக் காத்திருப்பது எங்கே? பிள்ளை முகத்தைப் பார்த்தே "தண்ணியா? சோறா? ஒண்ணுக்கா?" என்று மூன்றையும் அவளே கேட்டு, மூன்றில் ஒன்றை அவளே எடுத்துக்கொள்வாள். என் பிள்ளைக்கு என்ன வேண்டுமென்று எனக்குத் தெரியாதா என்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

கொசுவுக்குப் பிறகு பிள்ளை விடவில்லை. புதன்கிழமை "ஊதா" என்றது, கொடியில் காய்ந்த ஒரு துண்டைப் பார்த்து, மூன்றரை நிமிஷம். வெள்ளிக்கிழமை "புளிக்குது" என்றது, ஆறு நிமிஷம், அன்றைக்குக் கரைத்துக் கொடுத்த மோர் உண்மையிலேயே புளித்திருந்தது. பிள்ளை வாயைத் திறந்தால் வளைவில் இருந்து பாலம் வரைக்கும் எல்லாம் நிற்கும், சொல்லி முடித்தால் ஓடும். இட்டேரி வீதி இதைக் கண்டு வாய் பிளக்கவில்லை. தண்ணி ஐந்து நாளைக்கு ஒரு முறை வரும் ஊரில், கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத ஊரில், ஜனம் எதற்கும் ஒரு வழி வைத்திருக்கும். பிள்ளையின் மோவாய் எழுவதை யார் முதலில் பார்த்தாலும் "பாப்பா வாயத் தொறக்குதோய்!" என்று குரல் கொடுக்க வேண்டும் என்று ஆனது. குரல் கேட்டதும் சூடான சட்டியை இறக்கி வைப்பார்கள், நிற்கிறவர்கள் உட்காருவார்கள், வெற்றிலையைத் துப்புவார்கள், மூக்கைச் சிந்திக்கொள்வார்கள், சொறிய வேண்டியதைச் சொறிந்துகொள்வார்கள். மயில்சாமி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வசதியாகச் சாய்ந்துகொள்வான். ஒரு கல்யாணத்தில் தாலியைக் கையில் எடுத்த மாப்பிள்ளை ஐந்து நிமிஷம் அதைப் பெண்ணின் கழுத்துக்குப் பக்கத்தில் பிடித்தபடி நிற்க, பெண் அந்த ஐந்து நிமிஷமும் அவன் காதில் முளைத்த மயிரையே பார்க்க வேண்டியதாயிற்று. "பொறந்தப்ப அந்தப் புள்ளைக்கு நாலு நிமிசம் மூச்சுக் குடுக்காம விட்டோம், இப்ப அது நம்மகிட்ட இருந்து எடுத்துக்குது," என்று மயில்சாமி ஒரு விளக்கம் சொன்னான். இருக்கும் என்றார்கள் சிலர், போடா என்றார்கள் சிலர், அதற்கு மேல் யாரும் ஆராயவில்லை.

எல்லாம் சரிதான், துணி சொன்னதைக் கேட்கவில்லை. ஓடுகிற தறி நின்று மறுபடி ஓடினால் நின்ற இடத்தில் துணியில் குறுக்கே ஒரு கோடு விழும்; எத்தனை துவைத்தாலும் போகாது. நித்திலா பேசிய ஒவ்வொரு சொல்லுக்கும் இட்டேரி வீதியின் நூற்றிருபது தறியிலும் நூற்றிருபது கோடு விழுந்தது. வெளியூர் வியாபாரி லுங்கியை விரித்துப் பார்த்து, கோடு கோடாக இருக்கிறதே என்று திருப்பி அனுப்பினான். முதலாளிகள் முகம் சுருங்கியது, முதலாளி முகம் சுருங்கினால் கூலிக்காரன் வயிறு சுருங்கும். "அந்தப் புள்ள வாய சித்த மூடி வைக்கக் கூடாதா?" என்று முதலில் ஒரு குரல் எழுந்தது, பிறகு பத்துக் குரல். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். ஒரு பிள்ளையின் வாயை மூட ஊரே மூடியைத் தேடியது.

சென்னியப்பன் சம்சாரம் கேசரி கிண்டி எடுத்து வந்தாள். வாயில் ஏதாவது இருந்தால் பேசாதல்லவா! தவமணி பாத்ரூம் போன நேரம் பார்த்து, ஒரு கரண்டி, இன்னொரு கரண்டி, முழுங்கு சாமி, இன்னும் ஒரு கரண்டி. முழுங்குவது மற்றவர்களுக்குச் சாதாரணம், நித்திலாவுக்கு அது பெரிய வேலை. தலையைக் கொஞ்சம் முன்னால் சாய்த்து, ஒவ்வொரு வாயாக, நேரம் கொடுத்து ஊட்டவேண்டும். தவமணி வந்தபோது பிள்ளையின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. இடுப்புக் கட்டை அவிழ்த்துக் குப்புறக் கிடத்தி, முதுகில் அறைந்து, வாயில் விரலை விட்டு வழித்து எடுத்தாள். மூச்சு வந்தது. சென்னியப்பன் சம்சாரம் காலி கிண்ணத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள், "நல்லதுக்குத்தான் தவமணி, நல்லதுக்குத்தான்," என்றாள்.

அன்றைக்குத் தவமணிக்குப் பயம் பிடித்தது. இனிமேல் இந்தப் பிள்ளைக்குப் பேச வேண்டிய தேவையே வரக்கூடாது என்று முடிவு கட்டினாள். மோவாய் அசைவதற்கு முன்பே தண்ணியை வாயில் வைத்தாள், விரல் துடிப்பதற்கு முன்பே ஒண்ணுக்குக்குத் தூக்கிப்போனாள், கண் போகிற பக்கம் எல்லாம் அவள் கை முன்னால் போனது. பன்னிரண்டு நாள் வீதி நிற்கவில்லை. துணியில் கோடு விழவில்லை. "தவமணி கெட்டிக்காரி," என்றது வீதி. பிள்ளை மட்டும் நாற்காலியில் முகத்தைச் சுவர்ப் பக்கமாகத் திருப்பிக்கொண்டு உட்கார ஆரம்பித்தது. "ஏங்க்கா இவ இப்பப் பேசறதே இல்ல?" என்று வியாழக்கிழமை ஜெசிந்தா கேட்டபோது, தெரியலீங்க என்று தவமணி பொய் சொன்னாள்.

பதிமூன்றாம் நாள் ராசு மாட்டிக்கொண்டான். ராசு பாவு சுமக்கிறவன். நூல் சுற்றிய பாவு உருளையைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடிப் பட்டறைக்குப் படியேறுவது அவன் பிழைப்பு. தவமணி அந்த நேரம் எண்ணெய் வாங்கப் போயிருந்தாள், யாரும் குரல் கொடுக்கவில்லை. ஏழாவது படியில் ஒரு கால், எட்டாவதில் ஒரு கால், தோளில் மலை மாதிரி பாவு, அப்படியே ஏழு நிமிஷம் நின்றான் ராசு. பிள்ளை "வெயில்" என்று சொல்லி முடித்ததும் அவன் படியில் உருண்டான், வலது தோள் மூட்டு கழன்றது. தவமணி நாற்காலியை வைத்துவிட்டுப் போன இடத்தில் வெயில் திரும்பி, ஒரு மணி நேரமாகப் பிள்ளையின் கண்ணில் அடித்துக்கொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் சென்னியப்பன் தவமணியின் லைன் வீட்டுக்கே வந்துவிட்டார், அதுவும் அவர் கட்டிவிட்ட வீடுதான். நிலைப்படியில் நின்றபடி பேசினார்.

"இங்க பாரு தவமணி, நான் ஒண்ணும் கெட்டவன் இல்ல."

"இல்லீங்க மொதலாளி."

"மலைக்கு அக்கட்ட ஒரு இல்லம் இருக்குது. கட்டலு, பேனு, மூணு வேளைச் சோறு. இப்பிடிப் புள்ளைக நாப்பது இருக்குது. வியாழக்கிழமை வெடியால வண்டி வரும். நாளைக்கு மத்தியானம் கோயில் பந்தல்ல கை தூக்கறோம். உன்ற கையும் ஏறோணும்."

"நான் ஊட்டுனாத்தானுங்க எம்புள்ள சோறு திங்கும்."

"பழகிக்கும். அதுக்கு என்ன தெரியப் போவுது."

அதற்குத் தெரியும் என்று சொல்ல வாயெடுத்தாள் தவமணி. இட்டேரி வீதியில் யார் பேசி முடிக்கிறார்கள்? அவர் முந்திக்கொண்டார். "உன்ற கை ஏறலீன்னா என்ற பட்டறைல உனக்குத் தறி இல்ல. வீட்டுச் சாவியக் குடுத்துப்போடு. ராசுக்குப் பொண்டு புள்ளைக இருக்குது, அவனப் பாரு. ரோசனை பண்ணிக்க."

அந்த வீதியில் ஒரு கட்டுப்பாடு உண்டு. முன்னொரு காலத்தில் பண்டிகையை யார் நடத்துவது என்று வீதி இரண்டாகப் பிரிந்து, மூன்று வருஷம் அம்மன் தேர் நகராமல் கிடந்ததாம். அதற்குப் பிறகு, பொது விஷயம் எதுவானாலும் பந்தலில் கூடிக் கை தூக்குவது, முதலாளி கையும் கூலிக்காரன் கையும் ஒரே கை, அத்தனை கையும் ஏறினால்தான் முடிவு, ஒரே ஒரு கை கீழே இருந்தாலும் பேச்சு செல்லாது என்று வைத்துக்கொண்டார்கள். தேரை நகர்த்துவதற்காக வந்த கட்டு, இப்போது தவமணியின் கையில் வந்து நின்றது.

சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்லித்தான் ஆகவேண்டும்: அவளுக்கு ஆசையாக இருந்தது. விடியும் வரைக்கும் ஒரே மூச்சாக ஒரு தூக்கம், இடுப்பு வலிக்காமல் ஒரு நாள், யாருடைய முகத்தையும் பார்த்து எதையும் ஊகிக்காமல் ஒரே ஒரு நாள். கட்டில் இருக்கிறது, பேன் இருக்கிறது, அங்கே நன்றாகத்தான் பார்த்துக்கொள்வார்கள், மாதம் ஒரு முறை போய்ப் பார்த்தால் ஆயிற்று என்று மனசுக்குச் சொன்னாள். பாயில் பிள்ளை சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தது, முதலாளி பேசிய அத்தனையும் அதன் காதில் விழுந்திருந்தது. கண்ணு, உனக்கு அங்கே போக இஷ்டமா என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் பதில் வரும், பதில் வந்தால் வீதி நிற்கும் என்று தனக்கே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டாள். மறுநாள் காலையில் கவுன் மாட்டும்போது, "கைய எறக்கு கண்ணு, கைய எறக்கு," என்று சொல்லி இழுத்தாள். கை இறுகியது.

புதன்கிழமை மத்தியானம் எல்லாத் தறியையும் நிறுத்திவிட்டுப் பந்தலில் கூடினார்கள், தொண்ணூறு பேர் இருக்கும். தறி நின்ற வீதியில் காது அடைத்த மாதிரி இருந்தது, ஆனாலும் பழக்க தோஷம், எல்லோரும் கத்தித்தான் பேசினார்கள். பிள்ளையை விட்டுவிட்டு வர ஆள் இல்லாததால் தவமணி நாற்காலியோடு தூக்கி வந்து பந்தல் காலுக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். சென்னியப்பன் எழுந்தார், ராசுவின் தோளைக் காட்டினார், திரும்பி வந்த துணியைக் காட்டினார், பிள்ளையின் நல்லதுக்குத்தான் என்று மூன்று முறை சொன்னார், "சம்மதம்னா கையத் தூக்குங்க," என்று தன் கையை முதலில் தூக்கினார். முதலாளிகள் கை ஏறியது, தறிக்காரர்கள் கை ஏறியது, சென்னியப்பன் சம்சாரத்தின் கை ஏறியது, கழுத்தில் தூளி கட்டியிருந்த ராசுவின் இடது கை ஏறியது, மயில்சாமி கை பாதி ஏறி, நாலு பேர் பார்த்ததும் மீதியும் ஏறியது. பிறகு அத்தனை தலையும் தவமணி பக்கம் திரும்பின.

"தவமணி," என்றார் சென்னியப்பன்.

அவள் கையைத் தூக்கினாள். பாவு உருளையைத் தூக்குகிற மாதிரி கனத்தது, ஆனாலும் தூக்கினாள், காது வரைக்கும் தூக்கினாள், தூக்கியபடி கடைசியில் ஒரு முறை, பார்க்கக்கூடாது என்று நினைத்தபடியே பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். "எல்லாக் கையும் ஏறிருச்சு, அப்ப முடிவு..." என்ற சென்னியப்பனின் வாய் அங்கேயே நின்றது. பந்தல் பேன் நின்றது. நித்திலாவின் மோவாய் எழுந்திருந்தது.

தொண்ணூறு கை மேலே. முதல் நிமிஷம் ஒன்றும் தெரியவில்லை, எல்லோருக்கும் பழகிப்போனதுதானே. இரண்டாவது நிமிஷம் தோள் வலித்தது. மூன்றாவது நிமிஷம் நெருப்பாக எரிந்தது. எப்போதும் உட்கார்ந்து, சாய்ந்து, சொறிந்து தயாராக இருந்த ஜனம் அன்றைக்குத்தான் கையைத் தூக்கியபடி மாட்டிக்கொண்டது. இறங்கு இறங்கு என்று தொண்ணூறு பேரும் தங்கள் தங்கள் கையிடம் கெஞ்சினார்கள், கை யாருடையதோ மாதிரி மேலேயே நின்றது. ஒருவரின் வேர்வை கண்ணில் இறங்கிய இடத்தில் நின்று கரித்தது. சென்னியப்பன் சம்சாரத்தின் தொண்டையில் எச்சில் சேர்ந்து, விழுங்க வராமல், அந்தக் கேசரியின் ஞாபகம் வந்தது. சென்னியப்பனின் வேட்டி, எல்லாம் நின்றுபோவதற்கு ஒரு நொடி முன்னால், இடுப்பில் இருந்து நழுவ ஆரம்பித்திருந்தது. பாதி நழுவிய வேட்டியோடு, வாயைப் பிளந்துகொண்டு, தொண்ணூறு பேர் முன்னால், புத்தி முழுசாக வேலை செய்ய, பிடிக்கக் கை வராமல் அவர் நின்றார். இதுதானா, இப்படித்தானா அந்தப் பிள்ளைக்குத் தினமும் என்று பந்தலில் ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாகத் தோன்றியது, ஆனால் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்ல வழியில்லை.

தவமணியால் கண்ணை மூடவும் முடியவில்லை, திருப்பவும் முடியவில்லை. பிள்ளை அவளைத்தான் பார்த்தது. கழுத்து விடைத்தது, தலை பின்னால் போனது, முன்னால் வந்தது. "அ..." என்றது. "அம்..." மூன்று நிமிஷம். "அம்மா." அதுவரை கொசுவைச் சொன்ன பிள்ளை, வெயிலைச் சொன்ன பிள்ளை, அம்மா என்று சொன்னதே இல்லை. ஆனால் வீதி அசையவில்லை, பேச்சு இன்னும் முடியவில்லை. திட்டப்போகிறதா, அழப்போகிறதா, என்னை அனுப்பாதே என்று சொல்லப்போகிறதா என்று தவமணி ஊகித்தாள், ஊகித்ததை வாயில் போட்டுக் கொடுக்க அன்று அவளுக்கு வாய் இல்லை. "கை... கைய..." உதட்டோரம் எச்சில் வழிந்தது, மூச்சு இழுத்தது, முகம் சிவந்தது, நிறுத்திக்கொள் கண்ணு, போதும் என்று அவள் உள்ளுக்குள் கதறினாள், பிள்ளை நிறுத்தவில்லை. கண்டக்டர் கணக்கில் பதினோரு நிமிஷம்.

"அம்மா... கைய... எறக்கு."

கோபமாகச் சொல்லவில்லை. தினமும் காலையில் கேட்ட அதே ராகத்தில், ஆனால் இழுக்காமல் சொன்னது. தூக்கியபடி நிற்கும் கை எப்படி வலிக்கும் என்று அந்த வீதியிலேயே அதற்குத்தான் தெரியும்.

பேன் சுற்றியது. தொண்ணூறு கையும் கல் விழுந்த மாதிரி பொத்தென்று விழுந்தன, ஐயோ அம்மா என்று பந்தல் முனகியது. தவமணியின் கையும் இறங்கியது. இறங்கிய கை நேராகப் போய் பிள்ளையின் மடங்கிய கையைப் பிடித்துக்கொண்டது. அவள் இழுக்கவில்லை. கதகதப்பாகப் பிடித்துக்கொண்டு சும்மா இருந்தாள்.

சென்னியப்பன் வேட்டியை இழுத்துக் கட்டிக்கொண்டார். முகம் கறுத்திருந்தது. "இன்னொருக்கா தூக்குங்க. முடிவு சொல்லோணும். தவமணி, உன்ற கை எங்க?"

"இது ஏறாதுங்க மொதலாளி."

"அப்ப தறி?"

"தறி உங்களுதுங்க. புள்ள என்றது."

"நாளைக்கே வீட்டுச் சாவி வேணும்."

"தாரனுங்க," என்றாள் தவமணி. நாளைக்கு எங்கே போவது, யார் வேலை கொடுப்பார்கள், ஒன்றும் தெரியவில்லை, ஆனாலும் பிள்ளையின் கையை விடவில்லை.

அப்போது மறுபடியும் மோவாய் எழுந்தது.

"பாப்பா வாயத் தொறக்குதோய்!" என்று மயில்சாமி அலறினான். பந்தல் தடதடவென்று உட்கார்ந்தது. கையை மடியில் வைத்துக்கொண்டார்கள், எச்சிலை விழுங்கிக்கொண்டார்கள், காலை நீட்டிக்கொண்டார்கள். சென்னியப்பன் மட்டும் நின்றபடி, இரண்டு கையாலும் வேட்டியை இறுக்கிப் பிடித்து, கண்ணையும் மூடிக்கொண்டார்.

ஒன்றும் நிற்கவில்லை. பேன் கிரீச் கிரீச்சென்று சுற்றிக்கொண்டே இருந்தது. காக்கா ஒரு கம்பத்தில் இருந்து இன்னொரு கம்பத்துக்குப் போனது. கோயில் வளைவைத் தாண்டி டவுன் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு உள்ளே வந்தது. சென்னியப்பன் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார், பிறகு மற்றதையும் திறந்தார், கையை அசைத்துப் பார்த்தார்.

"ஏய், எதுவும் நிக்கலியே! எந்திரிங்க, எந்திரிங்க, கூட்டம் இன்னும் முடியல."

ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. தூளியில் கையைத் தொங்கப் போட்டிருந்த ராசு தலையைத் தூக்கி அவரைப் பார்த்தான்.

"உக்காருங்க மொதலாளி," என்றான். "புள்ள பேசிட்டிருக்குது."

சென்னியப்பன் சுற்றிலும் பார்த்தார். அவர் சம்சாரம் அவர் வேட்டியைப் பிடித்துக் கீழே இழுத்தாள். அவரும் உட்கார்ந்தார்.

"த்..." என்றது நித்திலா. காலையில் இருந்து பிள்ளை தண்ணி குடிக்கவில்லை என்பது தவமணிக்கு ஞாபகம் வந்தது. சொம்பு எட்டுகிற தூரத்தில்தான் இருந்தது, அவள் நாக்கு நுனியில் அந்தச் சொல் துடித்தது. கொசுவை நினைத்தாள், வெயிலை நினைத்தாள், தண்ணியாகவும் இருக்கலாம் இல்லாமலும் இருக்கலாம் என்று நினைத்தாள். பிள்ளையின் கையைப் பிடித்தபடி, நாக்கைக் கடித்துக்கொண்டு, மற்ற எண்பத்தொன்பது பேரோடு சேர்ந்து காத்திருந்தாள்.